சும்மா கொடுக்கும் சாம்பிள்... யார் பணம் அது? நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள் போட வேண்டிய கணக்கு

போடிநாயக்கனூரில் உள்ள ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் ஏலக்காய் மூட்டைகளை யாரும் வியாபாரிகள் முன்னால் கொட்டிக் காட்டுவதில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த சாம்பிள் மட்டும்தான் அவர்கள் கைக்கு வரும். காயின் பச்சை நிறம், பருமன், வாசனை, காய்ப்பதம் எல்லாவற்றையும் அந்தக் கைப்பிடி ஏலக்காயிலேயே பார்த்துவிட்டு, முன்னால் இருக்கும் கணினியில் விலையைப் போடுகிறார்கள். லட்சக்கணக்கான ரூபாய் வியாபாரம் ஒரு சின்ன சாம்பிளை நம்பி நடக்கிறது.

அதே தேனி மாவட்டத்தில் இன்னொரு சாம்பிளும் வீடு வீடாகச் சுற்றுகிறது. "மதினி, இந்த ஃபேஸ் வாஷை ஒரு வாரம் போட்டுப் பாருங்க, காசெல்லாம் வேண்டாம்" என்று நீட்டப்படும் சாஷே. "அண்ணே, இந்தப் பவுடரைக் காலையில ஒரு ஸ்பூன் குடிச்சுப் பாருங்க" என்று கொடுக்கப்படும் பொட்டலம். நேரடி விற்பனை, நெட்வொர்க் மார்க்கெட்டிங், எம்.எல்.எம். என்று பல பெயர்களில் நடக்கும் தொழிலின் முதல் படி பெரும்பாலும் இதுதான்.

ஏல மையத்து சாம்பிள் பணமாக மாறுகிறது. வீட்டுக்கு வரும் சாம்பிள் பல நேரம் கொடுத்தவரின் நஷ்டமாக மாறுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? சாம்பிளை எப்படிக் கொடுத்தால் லாபம்? சட்டம் என்ன சொல்கிறது? சாம்பிளே தூண்டிலாக மாறுவது எப்போது?

போடி சாம்பிள் ஏன் வேலை செய்கிறது?

மூன்று காரணங்கள்.

முதலாவது, எந்த லாட்டை விற்கிறார்களோ, அதிலிருந்தே சாம்பிள் எடுக்கப்படுகிறது. காட்டுவது ஒன்று, கொடுப்பது ஒன்று என்றால் அடுத்த ஏலத்தில் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாவது, சாம்பிளை வாங்கிப் பார்ப்பவர் உரிமம் பெற்ற வியாபாரி. வாங்குவதற்காகவே வந்து உட்கார்ந்திருப்பவர். வழியில் போகிறவர்களுக்கு அங்கே யாரும் சாம்பிள் கொடுப்பதில்லை.

மூன்றாவது, சாம்பிளைப் பார்த்தவுடன் பதில் வந்துவிடுகிறது. விலை போட்டார் அல்லது போடவில்லை, அவ்வளவுதான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று ஆறு மாதம் இழுக்காது.

பொருள் உண்மையாக இருக்க வேண்டும், ஆள் சரியாக இருக்க வேண்டும், பதில் தெரிய வேண்டும். நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் சாம்பிள் வீணாகும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்காது.

புத்தகம் விற்கப் போனவர் வாசனைத் திரவியக் கம்பெனி தொடங்கிய கதை

சாம்பிளின் பலத்துக்கு உலக அளவில் சொல்லப்படும் பழைய உதாரணம் அமெரிக்காவின் டேவிட் மெக்கானல். வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்றவர். கதவைத் திறந்து பேச இடம் கொடுக்கும் பெண்களுக்குச் சின்ன வாசனைத் திரவிய சாம்பிள் ஒன்றை இலவசமாகக் கொடுத்துவந்தார். கொஞ்ச நாளில் அவருக்கு ஒன்று புரிந்தது: புத்தகத்தைவிட அந்த சாம்பிளைத்தான் மக்கள் விரும்புகிறார்கள். 1886-ல் அவர் தொடங்கிய கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனிதான் பின்னாளில் ஏவான் என்ற பெயரில் உலகம் முழுக்க வளர்ந்தது.

இந்தக் கதையை மீட்டிங்குகளில் சொல்லும்போது "சாம்பிள் கொடுங்க, கோடீஸ்வரர் ஆகலாம்" என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் மெக்கானல் செய்த கெட்டிக்காரத்தனம் சாம்பிள் கொடுத்தது மட்டும் அல்ல. கொடுத்த பிறகு மக்கள் எதைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று கவனித்தார். கொடுப்பதைவிடக் கவனிப்பதுதான் முக்கியம்.

சாம்பிள் கணக்கு: 15 ரூபாய் எப்படி 150 ஆகிறது?

ஓர் உதாரணத்துக்கு, கம்பத்தில் ஓர் அக்கா பகுதி நேரமாக இந்தத் தொழில் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் பாட்டில் ஒன்றை விற்றால் அவருக்கு 100 ரூபாய் நிற்கும். கம்பெனி தரும் சாஷே ஒன்று 15 ரூபாய். அதை அவர் தன் கைக்காசில்தான் வாங்குகிறார்.

சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், மகளிர் குழுவில் இருப்பவர்கள் என்று 40 பேருக்கு அள்ளிக் கொடுக்கிறார். செலவு 600 ரூபாய். பத்துப் பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால் 4 பாட்டில் போகும். வரவு 400 ரூபாய். கையைவிட்டுப் போனது 200 ரூபாய். பெட்ரோலும் போனும் தனி.

இப்போது அதே அக்கா, "எனக்கு முகத்துல எண்ணெய் வடியுது, ஏதாவது இருக்கா?" என்று தானாகக் கேட்டவர்கள், ஏற்கெனவே இதே மாதிரிப் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குபவர்கள் என்று 15 பேருக்கு மட்டும் கொடுக்கிறார். செலவு 225 ரூபாய். மூன்றில் ஒருவர் வாங்கினால் 5 பாட்டில். வரவு 500 ரூபாய். கையில் 275 ரூபாய் நிற்கும்.

ஒரு சாம்பிளின் விலையை, எத்தனை பேரில் ஒருவர் வாங்குகிறாரோ அந்த எண்ணால் பெருக்க வேண்டும். முதல் கணக்கில் 15-ஐ 10-ஆல் பெருக்கினால் 150. அதாவது ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 150 ரூபாய் செலவாகிறது. அவர் வாங்கினால் கிடைப்பதோ 100. இரண்டாவது கணக்கில் 15 பெருக்கல் 3, வெறும் 45 ரூபாய். அந்தப் பெருக்குத்தொகை உங்கள் லாபத்தைவிடக் கூடினால், எவ்வளவு அதிகம் சாம்பிள் கொடுக்கிறீர்களோ அவ்வளவு வேகமாகப் பணம் போகும்.

வாங்கியவர்களில் இரண்டு மூன்று பேர் அடுத்த மாதமும் வாங்கினால், அந்த விற்பனைக்கு சாம்பிள் செலவே கிடையாது. அதனால் 40 பேரிடம் ஒருமுறை முகம் காட்டுவதைவிட, ஐந்து பேரைத் தொடர்ந்து வாங்கவைப்பது லாபம்.

கொடுப்பதற்கு முன் சில வழிகள்

*கேட்ட பிறகு கொடுங்கள்.* "இப்ப என்ன யூஸ் பண்றீங்க? அதுல என்ன குறை?" என்ற இரண்டு கேள்விக்குப் பதில் வராமல் சாம்பிள் கையைவிட்டுப் போகக் கூடாது. குறையே இல்லை என்பவருக்கு சாம்பிள் தேவையில்லை.

*விலையை முதலிலேயே சொல்லுங்கள்.* கம்பம் ரோட்டோரம் பன்னீர் திராட்சை விற்பவர் ஒரு பழத்தைக் கையில் கொடுக்கும்போதே கிலோ என்ன விலை என்று சொல்லிவிடுவார். சாப்பிட்டுவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று வாடிக்கையாளர் அங்கேயே முடிவு செய்கிறார். ஒரு வாரம் சும்மா போட்டுப் பார்த்தவரிடம் கடைசியில் 500 ரூபாய் என்றால், அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

*நாள் குறித்துக்கொள்ளுங்கள்.* "வியாழக்கிழமை சாயங்காலம் போன் பண்றேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்குக் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு விட்டுவிடுங்கள். இரண்டாவது சாம்பிள் வேண்டாம்.

*காசு புழங்கும் நேரம் பாருங்கள்.* மலைக்கு ஏலக்காய் எடுக்க ஜீப்பில் போய்வரும் பெண்களுக்கு வாரக்கூலி கைக்கு வரும் நாள் ஒன்று இருக்கும். பள்ளி ஆசிரியருக்கு மாதத் தொடக்கம். மாதக் கடைசியில் கொடுத்த சாம்பிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றுதான் பதில் வரும்.

*இரண்டு நோட்டு வையுங்கள்.* வீட்டில் நீங்களும் பிள்ளைகளும் பயன்படுத்துவது சொந்தச் செலவு. மற்றவருக்குக் கொடுப்பது தொழில் செலவு. இரண்டையும் கலந்து "எல்லாம் சாம்பிள்ல போச்சு" என்று சொன்னால் லாபமா நஷ்டமா என்றே தெரியாது. யாருக்கு, என்றைக்கு, எத்தனை, வாங்கினாரா என்று நான்கு கட்டம் போதும்.

*பெரிய டப்பாவைப் பிரித்துச் சின்ன கவரில் போடாதீர்கள்.* செலவு மிச்சம் என்று பலரும் செய்வது இதுதான். அப்படிச் செய்தால் பேட்ச் எண், காலாவதித் தேதி, என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரம் எதுவும் வாங்குபவருக்குத் தெரியாது. உணவுப் பொருளைப் பிரித்து மறுபடி பாக்கெட் போட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி விதிகள் உள்ளன. யாருக்காவது ஒவ்வாமை வந்தால், லேபிள் இல்லாத அந்த கவருக்கு கம்பெனி பொறுப்பேற்காது. கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சாஷே இல்லையென்றால் உங்கள் வீட்டு பாட்டிலிலிருந்தே, அவர் கண் முன்னால் லேபிளைக் காட்டி, கையில் கொஞ்சம் போட்டுக் காட்டலாம்.

சொல்லக் கூடாத வார்த்தைகள்

சாம்பிளைவிட அதோடு சேர்ந்து வரும் பேச்சுதான் அதிகம் பிரச்சினை தருகிறது. "ஒரே மாசத்துல சுகர் போயிரும்", "மாத்திரையை நிறுத்திடலாம்" என்பது போன்ற வாக்குறுதிகள் விற்பனைப் பேச்சு அல்ல, ஆபத்து. சத்து மாவு, ஹெல்த் சப்ளிமென்ட் போன்றவை சட்டப்படி உணவுப் பொருட்கள். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இடம் தருவதில்லை. ஹெல்த் சப்ளிமென்ட் டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கில வாசகம் அச்சிட்டிருப்பார்கள். சாம்பிள் கொடுக்கும்போது அதைக் காட்டுவது நல்லது. சர்க்கரை நோய் உட்படப் பட்டியலிட்ட நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் 'விளம்பரம்' என்றால் வாயால் அறிவிப்பதும் சேர்த்திதான்.

தோலில் போடும் பொருள் என்றால் முதல் நாளே முகத்தில் போடச் சொல்லக் கூடாது. முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் முழுக்க அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு வாய்வழிப் பொருள் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், நேரடி விற்பனைக்கென்று தனி விதிகளை மத்திய அரசு 2021 டிசம்பரில் அறிவித்தது. சாம்பிள் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய அம்சங்கள்:

● தொழிலில் சேர நுழைவுக் கட்டணமோ சந்தாவோ கம்பெனி வசூலிக்கக் கூடாது.

● விளக்கப் புத்தகம், விற்பனைச் செயல்விளக்கக் கருவிகள் போன்றவற்றை வாங்கியே ஆக வேண்டும் என்று, சேர வருபவரை ஒரு விற்பனையாளர் கட்டாயப்படுத்தக் கூடாது. "இந்த டெமோ கிட்டை எடுத்தாத்தான் ஐ.டி. ஆக்டிவ் ஆகும்" என்று யாராவது சொன்னால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

● அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் ஒருவர் வீட்டுக்கு விற்பனைக்குப் போகக் கூடாது.

● பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அத்தை" என்று ஆரம்பித்து, காபி குடித்த பிறகு பையைத் திறப்பது விதிக்கு ஒத்துவராது.

● சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனி அனுமதிக்காத எந்தக் குணத்தையும் பொருளுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

● விற்பனையாளர் மூலம் விற்ற பொருள் தொடர்பான புகார்களுக்கு கம்பெனியும் பொறுப்பு. புகார் வந்த 48 வேலை மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

● பிரமிட் திட்டமும் பணச் சுழற்சித் திட்டமும் தடை செய்யப்பட்டவை. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான தனிச் சட்டம் 1978-லிருந்தே நாட்டில் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இலவசமாகக் கொடுக்கும் சாம்பிளுக்குப் பொதுவாக வரி கிடையாது. ஆனால் அந்தப் பொருளை வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 2019 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதாவது, சாம்பிளின் அடக்க விலையில் வரியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சாம்பிள் எப்போது தூண்டிலாகிறது?

தேனியிலிருந்து பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகப் போனால் வரும் ஊர் நிலக்கோட்டை. நேரடி விற்பனையில் உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான ஆம்வே, இந்தியாவில் தன் தொழிற்சாலையை அமைத்தது அங்கேதான். 2022 ஏப்ரலில் அந்தக் கம்பெனியின் 757.77 கோடி ரூபாய் சொத்துகளை அமலாக்கத் துறை தற்காலிகமாக முடக்கியபோது, திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்த நிலமும் தொழிற்சாலைக் கட்டடமும் அந்தப் பட்டியலில் இருந்தன.

கவனம் முழுக்கப் பொருட்கள் மீது இல்லாமல், உறுப்பினராகச் சேர்ந்தால் எப்படிப் பணக்காரர் ஆகலாம் என்பதிலேயே இருந்தது என்பது அமலாக்கத் துறையின் முக்கியக் குற்றச்சாட்டு. சந்தையில் கிடைக்கும் மற்ற பொருட்களைவிட விலை மிக அதிகம் என்றும் சொன்னது. இது 2011-ல் தொடங்கிய விசாரணை தொடர்பானது, அதிகாரிகளுக்கு ஒத்துழைத்து வருகிறோம் என்பது கம்பெனி தரப்பு விளக்கம்.

இதே கம்பெனி பற்றி 1979-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கொடுத்த தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. விலை நிர்ணயம் போன்ற சில விஷயங்களில் தவறு கண்டாலும், அது பிரமிட் திட்டம் அல்ல என்று ஆணையம் முடிவு செய்தது. அதற்குக் காரணமாக இருந்தவை அப்போது கம்பெனியிடம் இருந்த சில விதிகள்: வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது மாதந்தோறும் விற்றிருக்க வேண்டும்; பத்து சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றதைக் காட்ட வேண்டும்; விலகுபவரிடமிருந்து சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு இடத்திலும் எழுந்த கேள்வி ஒன்றுதான். தொழிலில் சேராத, பொருள் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டுமே காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களா?

சாம்பிளையும் இந்தக் கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம். சாம்பிள் கொடுத்த பிறகு பேச்சு எங்கே போகிறது? "பொருள் எப்படி இருந்தது?" என்று போனால் அது விற்பனை. "பொருளை விடுங்க, நீங்க சேர்ந்து நாலு பேரைச் சேர்த்தா இது உங்களுக்கு ஃப்ரீ ஆயிரும்" என்று போனால், அந்த சாம்பிள் வெறும் தூண்டில் புழு. மற்றவரைச் சேர்த்துவிட்டால் கொடுத்த பணம் திரும்ப வந்துவிடும் என்று ஆசை காட்டி விற்பதும் நியாயமான விற்பனை அல்ல.

இன்னொரு அறிகுறி, மேலே இருப்பவர் சொல்லும் எண்ணிக்கை. "மாசம் 100 சாம்பிள் போடணும், அப்பத்தான் லெவல் ஏறும்" என்று அப்லைன் சொல்கிறார் என்றால், அந்த 100 சாம்பிளை உங்களிடம் விற்றதிலேயே அவருக்குக் கமிஷன் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்துவிட்டது என்றால் சந்தையில் அவர் தேடும் வாடிக்கையாளர் நீங்கள்தான்.

சேர்வதற்கு முன், சேர்ந்த பின் கேட்க வேண்டியவை

வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகச் செய்யலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஐந்து கேள்விகள் கேட்கலாம்:

1. சாம்பிளுக்கு யார் பணம் கொடுப்பது? கம்பெனியா, நானா?

2. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? மனம் மாறினால் எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம்? விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பார்களா, எவ்வளவு பிடித்தம்?

3. இதே தரத்தில் கம்பத்திலோ சின்னமனூரிலோ கடையில் கிடைக்கும் பொருளின் விலை என்ன?

4. யாரையுமே சேர்க்காமல், பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு வரும்?

5. என்னைச் சேர்க்க வந்தவரிடம், தொழிலில் சேராத வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நான்காவது, ஐந்தாவது கேள்விகளுக்கு நேரடிப் பதில் வராமல் கார், வெளிநாட்டு டூர் போட்டோக்கள் வந்தால், அதுவே பதில்.

ஏற்கெனவே ஏமாந்ததாக நினைப்பவர்கள் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆன்லைனிலும் வழக்குப் பதியலாம். பில், வாட்ஸ்ஆப் செய்திகள், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள். சேர்த்துவிட்டவர் மாமாவாகவோ சித்தியாகவோ இருப்பதால் பலர் வெளியில் சொல்வதே இல்லை. பெரும்பாலும் அவர்களும் இன்னொருவரை நம்பித்தான் பணம் போட்டிருப்பார்கள். புகார் கம்பெனி மீதுதான், சொந்தத்தின் மீது அல்ல.

தேனி போன்ற ஊரில் ஒருவர் கொடுக்கும் சாம்பிளோடு அவர் பெயரும் சேர்ந்தே போகிறது. சாஷேயின் 15 ரூபாயை அடுத்த மாதம் சம்பாதித்துவிடலாம். "அவ வந்தாலே எதையாவது தலையில கட்டிருவா" என்ற பெயர் வந்துவிட்டால் அதை மாற்றப் பல வருஷம் ஆகும். அடுத்த சாம்பிளைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன், எதிரில் இருப்பவருக்கு இந்தப் பொருள் உண்மையிலேயே தேவையா என்று ஒரு நிமிடம் யோசித்தால், பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.